நத்தை ஓட்டை அனுப்பி வெப்பநிலை கேட்கலாமா? அஞ்சல்வழி ஐசோடோப் சோதனை: சுங்கை சிப்புட் வட்டாரத்துக்கான மதிப்பீடு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓட்டில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பை அளந்து தரும் வேலைக்கு இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அந்த அளவை வைத்து "நீரின் வெப்பநிலை இவ்வளவு" என்று அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டுத் தருகிறார்களே, அதற்கு ஒன்று. அந்த ஒன்றும் அச்சு தெளிவாக இருப்பதற்காக.

மாதிரி எடுத்து அனுப்புவதற்கான பெட்டி கோலாலம்பூர் முகவர் வழியாக வருகிறது, அளவை வெளிநாட்டு ஆய்வகத்தில் நடக்கிறது. இதே அச்சில் இயங்கும் சேவைகள் பல இருப்பதால் பெயர் முக்கியமில்லை. பள்ளி அறிவியல் கழகத்துக்கோ, ஆற்றோரம் சுண்ணாம்புக்கல் மலை உள்ள தோட்டத்தில் ஏதாவது ஆராய நினைப்பவருக்கோ எது உதவும், எது காசைத் தின்னும் என்பதுதான் இங்கே பேச்சு.

அடிப்படை இதுதான். நீரில் கால்சியம் கார்பனேட் உருவாகும்போது அந்த நீரின் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜனில் கனமான வகை 18, இலேசான வகை 16. நீர் குளிரக் குளிர, கார்பனேட்டில் 18-இன் பங்கு கூடும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.2 பெர்மில், அதாவது ஆயிரத்தில் 0.2 பங்கு. இங்கே வரும் ஐசோடோப் அளவுகள் ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்ட வித்தியாசங்கள்; கனமான வகை தரத்தைவிடக் குறைந்தால் எண் மைனஸில் வரும். இந்த வழியில் பழைய வெப்பநிலையைக் கணக்கிடலாம் என்று ஹரால்டு யூரி 1947-இல் எழுதினார். சாமுவேல் எப்ஸ்டீன் குழு 1953-இல் கடல் சிப்பிகளை வைத்துச் சமன்பாடு போட்டுக் காட்டியது. கடல் என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்த கடலில் நீரின் ஐசோடோப் அளவு பெரிதாக அலையாது. நம் பக்கத்து ஓடையில் அது மழைக்கு மழை மாறும். கடைசிக் கட்டத்து எண் கெட்டுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெட்டிக்குள் பத்துச் சிறு கண்ணாடிக் குப்பிகள், பத்து 15 மி.லி. நீர்ப் போத்தல்கள், ஒரு படிவம், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். துளைக்கும் ஊசி கிடையாது. அது குறையில்லை, நகைப் பட்டறைக்காரர்களும் பல் மருத்துவர்களும் பயன்படுத்தும் 0.5 மி.மீ. கார்பைடு ஊசி ஈப்போவில் கிடைக்கும், கைத்துளைப்பான் யாரிடமாவது இருக்கும். குப்பி கண்ணாடியாக இருப்பது நல்ல விஷயம். மற்ற சில சேவைகள் பிளாஸ்டிக் குழாய் தருகின்றன. பொடியின் பாதி நிலைமின்னால் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. மருந்துக் கூடு மாதிரியான ஜெலட்டின் கேப்சூல் கொடுத்தால் வாங்கவே வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் இளகி, பொடியோடு ஒட்டிக்கொள்ளும்.

எதை அனுப்புவது என்பதில்தான் பலர் முதல் தடுமாற்றம் காண்கிறார்கள். தோட்டத்தில் மழைக்குப் பின் லயத்துச் சுவரில் ஏறும் பெரிய ஆப்பிரிக்க நத்தை வேண்டாம். அது தரைவாழ் உயிர். அதன் உடல்நீர் காற்றில் ஆவியாகி, ஐசோடோப் அளவு ஈரப்பதத்தையும் தின்ற இலையையும் பொறுத்து அலையும். நீருக்குள்ளேயே வாழ்ந்து நீருக்குள்ளேயே ஓடு கட்டும் இனம் வேண்டும். மீன் தொட்டிக்காரர்கள் 'மலேசிய டிரம்பட்' என்று சொல்லும் ஒல்லியான சுருள் நத்தை, மெலனாய்டிஸ் டியூபர்குலாட்டா, வாய்க்கால்தோறும் கிடைக்கும். இதன் ஓடு அரகோனைட், கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். அது நீரோடு பெரும்பாலும் சமநிலையில் படிவதால் கணக்குக்கு ஏற்றது. ஆனால் நுனியைத் தொடக்கூடாது. இந்த நத்தை முட்டையிடுவதில்லை, தாயின் உடலுக்குள் ஒரு பையில் குஞ்சுகளை வளர்த்து வெளியே விடுகிறது. நுனியின் முதல் சில சுற்றுகள் அந்தப் பைக்குள் கட்டப்பட்டவை. வாய்ப் பக்கத்துக் கடைசிச் சுற்று, அதற்கு முந்தைய சுற்று, இவை போதும்.

சுண்ணாம்புக்கல் மலையடியில் ஊற்றோடு சேர்ந்து படியும் டூஃபா பாறை பார்ப்பதற்கு ஆசை காட்டும். அடுக்கடுக்காக, இலை அச்சோடு இருக்கும். ஆனால் அருவி தெறிக்கும் இடத்தில் கார்பன்-டை-ஆக்சைடு வேகமாக வெளியேறுவதால் கார்பனேட் அவசரமாகப் படிகிறது, சமநிலைக்கு நேரம் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு மலையிலிருந்து உதிர்ந்த பழைய சுண்ணாம்புத் துகள் அதில் கலந்திருக்கும். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் படிந்தது. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தாலும் எண் நகரும். கார்பன்-13 அளவு பூஜ்யத்தை நோக்கி ஏறியிருந்தால் இந்தக் கலப்பைச் சந்தேகிக்கலாம். கார்பன்-13 இலவசமாகவே சேர்ந்து வருகிறது, பலர் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதுகூட இல்லை.

கெத்தலில் படியும் வெள்ளைப் படிவை 'தெரிந்த வெப்பநிலை' மாதிரியாக அனுப்பிச் சேவையைச் சோதிக்கலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது கிளம்புகிறது. 100 டிகிரி என்று நமக்குத்தான் தெரியுமே என்ற நினைப்பு. கொதிக்கும் நீரில் ஆவி போய்க்கொண்டே இருக்கும், படிவும் ஒரே பாய்ச்சலில் விழும். வரும் எண்ணை வைத்து ஆய்வகத்தைக் குறை சொல்லவும் முடியாது, பாராட்டவும் முடியாது.

துளைப்பதில் நிதானம் வேண்டும். ஓட்டின் மேல் உள்ள பழுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, தூய நீரில் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். வெளுப்பானில் ஊறவைக்கும் பழக்கம் நல்லதல்ல. ஓடு அடர்த்தியானது, உள்ளே அழுக்கு புகாது, ஆனால் வேதிப்பொருள் மேற்பரப்பைக் கரைத்து அளவைக் கொஞ்சம் நகர்த்தும். துளைப்பானை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, நொடிக்கணக்கில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். வேகமாகச் சுழன்றால் உராய்வுச் சூட்டில் அரகோனைட், கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவமான கால்சைட்டாக மாறத் தொடங்கும். 1 மி.மீ. அகலத்தில் 0.2 மி.மீ. ஆழம் எடுத்தால் ஏறக்குறைய 0.45 மி.கி. பொடி. சிந்துவது போகப் பாதியாவது மிஞ்சும். சேவை கேட்பது 0.2 மி.கி., கடுகில் கால்வாசிகூட இல்லை. பளபளப்பான கறுப்புத் தாளின் மேல் துளைத்து, தாளை மடித்துக் குப்பிக்குள் தட்டினால் கண்ணுக்குத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் ஓட்டுக்கும் ஊசியை நீர்த்த அமிலத்தில் நனைத்து, கழுவி, துடைத்து எடுக்க வேண்டும். வினிகரும் போதும்.

ஒரே ஓட்டில் வளர்ச்சிக் கோடுகளின் ஓட்டத்தில் ஐந்தாறு இடங்களில் எடுத்தால், ஒரு நத்தையின் ஆயுளுக்குள் நீர் எப்படி மாறியது என்பது தெரியும். ஐந்து நத்தையில் ஒவ்வோர் இடம் எடுப்பதைவிட இது பயனுள்ளது. நம் பேராக் மாநிலத்தில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று மழை இருமுறை உச்சம் தொடுகிறது. அந்த ஏற்றஇறக்கம் ஓட்டில் அலையாகத் தெரிந்தால் மாதிரி நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இனி நீர்ப் போத்தல். இந்தப் பெட்டியில் உண்மையான மதிப்பு இதற்குத்தான், ஆனால் விளம்பரத்தில் இதற்கு ஒரு வரிதான். போத்தலை நீருக்கடியில் அமிழ்த்தி, உள்ளேயே மூடி, ஒரு குமிழிகூட இல்லாமல் எடுக்க வேண்டும். மேலே காற்றுக்கு இடம் விட்டால் அதற்குள் ஆவியாகி, மிஞ்சிய நீரில் 18-இன் பங்கு கூடி அது கனத்துவிடும். மூடிக்குள் கூம்பு வடிவ அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது; சாதாரணத் தக்கை கசியும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, காரின் பின்கண்ணாடிக்கடியில் வைக்காமல், குளிர்பெட்டியில் வைத்து அனுப்பலாம். உறைய வைக்கக் கூடாது.

ஒரே ஒரு போத்தல் போதும் என்று படிவம் சொல்கிறது. போதாது. இந்தத் தீபகற்பத்தில் மழைநீரின் ஆக்சிஜன்-18 அளவு சராசரியாக −6 முதல் −8 பெர்மில் என்ற அளவில் நிற்கும். ஒரே பெருமழையில் −10-க்கும் கீழே போகும். மழை கூடினால் அளவு இறங்கும், இதுதான் வெப்பமண்டல மழையின் குணம். சின்ன வாய்க்கால் அந்த மழையை அப்படியே ஏந்திக்கொள்ளும். நிலத்தடி ஊற்று மாதங்களைக் கலந்து சராசரியாக்கித் தரும், அதனால் ஊற்றுநீரில் வாழும் நத்தைதான் சிறந்த தேர்வு. வெள்ளீயம் தோண்டிய பழைய குட்டைகள் இதற்கு நேரெதிர். வெயிலில் ஆவியாகி ஆவியாகி நீர் பல பெர்மில் கனத்துக் கிடக்கும். அந்தக் குட்டை நத்தையின் ஓட்டுக்கு மழையின் சராசரியைப் போட்டால் கணக்கு அந்தரத்தில் தொங்கும்.

எவ்வளவு தொங்கும் என்பதை எண்ணிலேயே பார்க்கலாம். அரகோனைட்டுக்கு கிராஸ்மனும் கூவும் 1986-இல் தந்த சமன்பாடு: வெப்பநிலை = 20.6 − 4.34 × (ஓட்டின் அளவு − நீரின் அளவு). நீரின் அளவிலிருந்து முதலில் 0.27 கழிக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு அளவுகோலில் இருப்பதால். ஓடு −8.6, நீர் −7.0 என்று வைத்தால் 26.4 டிகிரி. நம்பும்படியான எண். நீர் உண்மையில் −6.0 ஆக இருந்தால் 30.7. −8.0 ஆக இருந்தால் 22.0. ஓடு மாறவில்லை, ஆய்வகம் தவறு செய்யவில்லை, நீர் ஒரு பெர்மில் நகர்ந்ததற்கு வெப்பநிலை நாலரை டிகிரிக்கு ஒட்டி நகர்கிறது. ஈப்போ வட்டாரத்தில் மாதச் சராசரிகளுக்கிடையே 2 டிகிரிகூட வித்தியாசம் வராது. ஆக நாம் தேடும் சமிக்ஞை 0.4 பெர்மில், அதை மறைக்கும் மழையின் ஆட்டம் அதைவிடப் பல மடங்கு.

அறிக்கையில் வரும் வெப்பநிலைக் கட்டம் இதையெல்லாம் கணக்கில் கொள்வதில்லை. போத்தல் அனுப்பாதவருக்கு நீரின் அளவாக ஓர் உலக வரைபடத்தின் ஆண்டுச் சராசரியை எடுத்துப் போடுகிறார்கள். அதைவிட மோசம், எல்லா மாதிரிக்கும் கிம், ஓ'நீல் இருவரும் 1997-இல் கால்சைட்டுக்குத் தந்த சமன்பாட்டையே ஓட்டுகிறார்கள். மேலே சொன்ன அதே −8.6, −7.0 எண்களை அதில் போட்டால் 21.2 டிகிரி வருகிறது. அரகோனைட் ஓட்டில் கால்சைட் கணக்குப் போட்டதால் மட்டுமே 5 டிகிரி குளிர். கேமரன் மலைக்குப் பாதி வழி ஏறிய மாதிரி. படிவத்தில் 'கனிமம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் அரகோனைட் என்று எழுதினாலும் சமன்பாடு மாறுவதில்லை. கேட்டு எழுதினால் மூல எண்களை அனுப்புகிறார்கள், அதற்கு இரண்டு நாளுக்கு மேல் எடுப்பதில்லை. அந்த மூல எண்கள்தான் காசுக்குக் கிடைத்த சரக்கு.

அந்தச் சரக்கு தரமானது. பொடியை 70 டிகிரியில் செறிந்த பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வரும் கார்பன்-டை-ஆக்சைடை நிறை நிறமாலை அளவியில் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஐஏஇஏ-603 என்ற பன்னாட்டுத் தரமாதிரியைச் சேர்த்து, அதன் அளவு என்ன வந்தது என்பதையும் அறிக்கையில் தருகிறார்கள். அதன் அங்கீகரிக்கப்பட்ட எண்கள் ஆக்சிஜனுக்கு −2.37, கார்பனுக்கு +2.46. அறிக்கையில் ஆக்சிஜன் −2.3-க்கும் −2.45-க்கும் இடையில் நின்றால் தொகுதி சரி. வெளியே போயிருந்தால் திரும்ப அளக்கச் சொல்லலாம், கூடுதல் கட்டணம் கேட்பதில்லை. அரகோனைட்டுக்கும் கால்சைட்டுக்கும் அமிலத்தில் கரையும்போது ஏற்படும் பிரிவு சற்றே வேறு. எந்தக் காரணியைப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு வரி கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்தில் வேறு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடும்போது அந்த ஒரு வரி இல்லாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

மேல்தட்டுச் சேவை ஒன்று இருக்கிறது, சாதாரண அளவையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விலை. 'கிளம்ப்டு' ஐசோடோப், டெல்டா-47. கார்பன்-13-உம் ஆக்சிஜன்-18-உம் ஒரே மூலக்கூறில் எவ்வளவு அடிக்கடி சேர்ந்து உட்காருகின்றன என்று பார்க்கும் முறை. குளிர்ந்தால் சேர்வது கூடும். இதற்கு நீரின் அளவு தேவையே இல்லை, அதுதான் இதன் அழகு. 2006-இல் கோஷும் சக ஆய்வாளர்களும் முதல் அளவீட்டுக் கோட்டைப் போட்டார்கள். 2021-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து இடிஎச்-1, 2, 3 என்ற தரமாதிரிகளை அடிப்படையாக வைத்துப் பொது அளவுகோலுக்கு வந்தன. இந்தச் சேவை அந்த அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறது. அதற்கு முந்தைய அளவுகோலில் அறிக்கை தருபவர்களிடம் போகவே வேண்டாம்.

விலை தெரிந்தபின் துல்லியத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வெப்பநிலையில் டெல்டா-47-இன் மதிப்பு சுமார் 0.59; ஒரு டிகிரிக்கு அது மாறுவது வெறும் 0.003. ஒரே பொடியைத் திரும்பத் திரும்ப அளந்தால் 0.025 அளவுக்குச் சிதறும். அதாவது ஒரு தடவை அளந்தால் பிழை 8 டிகிரி. பத்துத் தடவை அளந்து சராசரி எடுத்தால் 2.7 டிகிரிக்கு இறங்கும். இந்தச் சேவையின் அடிப்படைப் பொதியில் மூன்று தடவைதான். மூன்று தடவைக்கு நாலரை, ஐந்து டிகிரி பிழை. நேற்றைய வாய்க்கால் நீர் 27-ஆ 29-ஆ என்று கேட்க இதை வாங்கினால் காசு ஆற்றில் போட்டதுதான். பனியுகத்தின் உச்சத்தில் வெப்பமண்டலத் தாழ்நிலம் ஏறக்குறைய 4 டிகிரி குளிர்ந்திருந்தது. அந்த அளவு மாற்றத்தைத்தான் இந்த முறை தொட முடியும், அதுவும் பத்துக்கு மேற்பட்ட அளவைகளோடு. நீரின் அளவைத் திருப்பிக் கணக்கிட நினைப்பவருக்கு இது பயன்படும்: டெல்டா-47 வெப்பநிலையைத் தரும், சாதாரண அளவை ஓட்டின் ஆக்சிஜனைத் தரும், இரண்டும் சேர்ந்து அன்றைய மழைநீரைச் சொல்லும்.

பழைய ஓடு என்றதும் லெங்கோங் நினைவுக்கு வரும். கோலகங்சார் தாண்டினால் போதும். குனோங் ருந்தோ குகையில் 1991-இல் தோண்டப்பட்ட பேராக் மனிதனின் எலும்புக்கூடு 10,000 ஆண்டுகளை ஒட்டியது. அந்தக் காலத்து மக்கள் ஆற்று நத்தைகளைத் தின்று ஓடுகளைக் குவித்துப் போயிருக்கிறார்கள். 2012 முதல் லெங்கோங் உலகப் பாரம்பரியத் தலம், 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டமும் இருக்கிறது. குகையில் கிடக்கிறது என்று ஓர் ஓட்டைக்கூடப் பையில் போடக் கூடாது. அனுமதியோடு தோண்டும் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்துதான் எதுவும் செய்ய முடியும். அப்படிக் கிடைத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, ஓடு நெருப்பில் சுடப்பட்டதா என்பது. வேகவைத்த ஓட்டில் பெரிய சேதம் இருக்காது. தணலில் சுட்டது கால்சைட்டாக மாறி, ஐசோடோப்பும் குழம்பிப் போயிருக்கும். மண்ணுக்குள் நீர் ஊறி மறுபடிகமாவதும் அதே விளைவைத் தரும். ஃபைகல் கரைசலில் போட்டால் அரகோனைட் சில நிமிடங்களில் கறுக்கும், கால்சைட் வெள்ளையாகவே நிற்கும். கரைசலில் வெள்ளி உப்பு இருப்பதால் விலை கொஞ்சம் உண்டு, கையுறையும் வேண்டும். சேவையில் எக்ஸ்-கதிர் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். நத்தை பழையதென்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. கால்சைட் தென்பட்டால் மீதிப் பணத்தை மிச்சம் பிடித்துவிடலாம்.

குகைச் சொட்டுக்கல் அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சரவாக்கின் முலு குகைகளில் எடுத்த சொட்டுக்கற்களின் ஆக்சிஜன் பதிவை ஆய்வாளர்கள் முதன்மையாக மழைப் பதிவாகத்தான் படிக்கிறார்கள். வெப்பநிலைக்கு அவர்கள் கல்லுக்குள் சிறைப்பட்ட நீர்த்துளிகளை நாட வேண்டியிருந்தது. அந்தச் சோதனை இந்தப் பெட்டியில் இல்லை.

காசை எப்படிப் பிரிப்பது? பத்து ஓட்டு அளவைப் பொதி வாங்குவதற்குப் பதில் ஆறு ஓட்டு அளவையும் எட்டு நீர்ப் போத்தலும் என்று பிரித்துக் கேட்கலாம். இணையப் படிவத்தில் அந்தத் தேர்வு தெரியாது, மின்னஞ்சலில் கேட்டால் செய்து தருகிறார்கள். போத்தல்களை ஒரே நாளில் நிரப்பாமல், நத்தை வளரும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, அதே இடத்தில், அதே நேரத்தில் நிரப்ப வேண்டும். கூடவே ±0.2 டிகிரித் துல்லியமுள்ள பதிவுக்கருவி ஒன்றை நிழலில், கல்லுக்கடியில் கட்டி வைக்க வேண்டும். நத்தை பதிவு செய்வது காற்றின் வெப்பத்தையல்ல, நீரின் வெப்பத்தை. செம்பனை நிழலில் ஓடும் வாய்க்காலும் வெயிலில் கிடக்கும் வாய்க்காலும் பிற்பகலில் ஒன்றல்ல. இந்த மூன்றும், அதாவது ஓடு, நீர், வெப்பமானி, ஒரே இடத்திலிருந்து வந்தால் கணக்குச் சமன்பாட்டோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம். இடைவெளி 1 டிகிரிக்குள் வந்தால் அந்த ஓடை பழைய ஓடுகளுக்கும் ஏற்ற இடம்.

அனுப்பும்போது நீரையும் பொடியையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். ஒரு போத்தல் கசிந்தால் எல்லாக் குப்பியின் எண்ணும் அழிந்துபோகும், ஒட்டுத்தாளில் பேனா மையும் நிற்காது. குப்பியின் கண்ணாடியிலேயே வைரமுனைப் பென்சிலால் கீறி எண்ணிடலாம். சுங்கப் படிவத்தில் 'நத்தை ஓடு' என்று மட்டும் எழுதினால் உயிர்ப்பொருள் என்று நிறுத்தி வைக்கிறார்கள். 'கனிமப் பொடி, கால்சியம் கார்பனேட், சோதனைக்கு, விற்பனை மதிப்பு இல்லை' என்று எழுதி, முகவர் தரும் கடிதத்தையும் மேலே ஒட்டினால் தடையில்லாமல் போகிறது. முடிவு வர ஆறு வாரம் என்று சொல்கிறார்கள். மிஞ்சிய பொடியை மூன்று மாதம் வைத்திருந்துவிட்டுக் கொட்டிவிடுகிறார்கள். திரும்ப வேண்டுமென்றால் முதல் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்.